முடிவுக்குப் பின் வரும் ஆய்வு: அரபு நாடுகளின் கொள்கை வகுப்பில் ஆய்வு மையங்கள்

1977 நவம்பர் 19 அன்று எகிப்து அதிபர் அன்வர் சதாத் இஸ்ரேல் மண்ணில் போய் இறங்கினார். அந்த முடிவை ஏற்க முடியாமல் அவருடைய வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி பயணத்துக்கு முன்பே பதவி விலகினார். சதாத்துடன் விமானம் ஏறியவர் பூத்ரோஸ் பூத்ரோஸ்-காலி. கெய்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், சில வாரங்களுக்கு முன்புதான் அமைச்சரவைக்குள் வந்திருந்தார். அல்-அஹ்ராம் பத்திரிகை நிறுவனத்தில் 1965-இல் ‘அல்-சியாசா அல்-தவ்லிய்யா’ என்ற சர்வதேச அரசியல் ஆய்விதழைத் தொடங்கியவர் அவர். அதே அல்-அஹ்ராமில் இஸ்ரேலைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு மையம் ஒன்பது ஆண்டுகளாக இயங்கி வந்தது. இத்தனை அறிவு பக்கத்திலேயே இருந்தும், போர்க்களத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு நாட்டைத் திருப்பிய முடிவு அதிபரைச் சுற்றியிருந்த மிகச் சிறிய வட்டத்துக்குள் பிறந்தது. அறிஞரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எடுத்த முடிவுக்குச் சட்ட வடிவமும் வாதங்களும் தேடித் தருவது அவர் பங்குக்கு வந்தது.

அரபு நாடுகளில் ‘திங்க் டேங்க்’ எனப்படும் கொள்கை ஆய்வு மையங்களின் வரலாற்றில் இந்த வரிசை மீண்டும் மீண்டும் வருகிறது. முடிவு முதலில், ஆய்வு பிறகு. மையங்களின் எண்ணிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. அபுதாபி, தோஹா, ரியாத், ரபாத் நகரங்களில் அவற்றுக்குப் பெருங்கட்டடங்கள் எழுந்துள்ளன. ஆனால் கொள்கையில் அவற்றின் கை எவ்வளவு? எந்தத் துறையில் அவை உண்மையிலேயே மாற்றம் கொண்டுவந்தன, எதில் அலங்காரமாக நின்றன? அறிஞர்களின் திறமையை மட்டும் அளந்து இதற்கு விடை காண முடியாது. ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றமும் பத்திரிகையும் புள்ளிவிவரமும் எவ்வளவு உயிரோடு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் ஆய்வு மையமும் வலுவாக இருக்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

தோல்வியிலிருந்து பிறந்தவை

அரபு உலகின் முதல் தலைமுறை மையங்கள் பாலஸ்தீனக் கேள்வியிலிருந்து பிறந்தவை. 1963-இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் கான்ஸ்டன்டின் ஸுரைக், வலீத் காலிதி ஆகியோர் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். எந்தக் கட்சிக்கும் அரசுக்கும் கட்டுப்படாத தனியார் அமைப்பாக அது திட்டமிடப்பட்டது. அந்த ஏற்பாடுதான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பாலஸ்தீன விடுதலை இயக்கம் தனக்கென்று 1965-இல் அதே நகரில் ஒரு ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. அதன் கதை வேறு விதமாக முடிந்தது. இயக்குநராக இருந்த அனீஸ் ஸாயிக் 1972-இல் கடிதக் குண்டால் படுகாயமடைந்தார். 1982-இல் மேற்கு பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேல் படை மையத்தின் நூலகத்தையும் ஆவணங்களையும் அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கார் குண்டு வெடித்துப் பலர் இறந்தனர். எடுத்துச் செல்லப்பட்ட ஆவணங்கள் 1983-இல் கைதிகள் பரிமாற்றத்தின்போது திரும்பக் கிடைத்து அல்ஜீரியாவுக்குப் போயின. ஒரு நூலகத்தைப் போர்க்கைதிகளோடு சேர்த்துப் பேரம் பேச வேண்டியிருந்தது என்றால், அந்த அறிவுக்கு எதிரி கொடுத்த மதிப்பு புரியும்.

1967 ஜூன் போரில் அடைந்த தோல்வி கெய்ரோவை உலுக்கியது. இஸ்ரேலிய சமூகத்தையும் அதன் அரசியலையும் அறியாமலே அதனோடு மோதினோம் என்ற உணர்வு எழுந்தது. அல்-அஹ்ராம் நாளிதழின் ஆசிரியராக இருந்த முகமது ஹசனைன் ஹைக்கலின் ஆதரவில் 1968-இல் அல்-அஹ்ராம் மையம் உருவானது. தொடக்கத்தில் பாலஸ்தீன, சியோனிச ஆய்வுகளுக்கென்று நின்ற அது பிற்பாடு அரசியல், போர்த்தந்திர ஆய்வு மையமாக விரிந்தது. எண்பதுகளிலிருந்து அது வெளியிட்ட ‘அரபுப் போர்த்தந்திர அறிக்கை’ அரபு மொழியில் அத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றானது. ஆனாலும் அரசுக்குச் சொந்தமான ஒரு பத்திரிகை நிறுவனத்தின் உள்ளே அது இருந்தது. அந்த இடத்தால் அதற்கு ஆட்சியாளரின் செவி கிடைத்தது. அதே இடம்தான் அதன் குரலின் எல்லையையும் குறித்தது.

1975-இல் பெய்ரூட்டில் தொடங்கிய அரபு ஒற்றுமை ஆய்வு மையம் வேறொரு வழியைத் தேடியது. ஈராக்கின் மத்திய வங்கி ஆளுநராக இருந்து வெளியேறிய கைருத்தீன் ஹசீப் அதன் உயிர்நாடி. எந்த நாட்டு அமைச்சகத்துக்கும் அறிக்கை எழுதாமல், அரபு வாசகருக்கு நூல்களையும் ‘அல்-முஸ்தக்பல் அல்-அரபி’ என்ற மாத இதழையும் அது தந்தது. நேரடியாக ஒரு சட்டத்தையும் அது மாற்றவில்லை. ஆனால் ஒரு தலைமுறை அரபு அறிவாளர்களின் விவாதப் பொருள்களை அதுதான் வகுத்துக் கொடுத்தது.

கதவு யாருக்குத் திறக்கிறது?

வளைகுடா முடியாட்சிகளில் அரசவையும் ஆட்சிக் குடும்பமும், எகிப்து, அல்ஜீரியா போன்ற குடியரசுகளில் அதிபர் மாளிகையும் ராணுவமும் பாதுகாப்புத் துறையும் முக்கிய முடிவுகளை எடுக்கின்றன. மசோதா குழுவுக்குப் போவது, எதிர்க்கட்சி மாற்றுத் திட்டம் கேட்பது, தேர்தல் அறிக்கைக்கு நிபுணர் தேடுவது என்று மேலை நாட்டு மையங்களுக்கு இயல்பாகக் கிடைக்கும் வாசல்கள் இங்கே பெரும்பாலும் இல்லை. எனவே மையங்கள் மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, அரசின் சொந்த மையங்கள். எகிப்து அமைச்சரவையின் தகவல், முடிவு உதவி மையம் 1985-இல் தோன்றியது. துனிசிய அதிபர் அலுவலகத்தைச் சார்ந்த போர்த்தந்திர ஆய்வு நிறுவனம் 1993-இலும், அபுதாபியின் எமிரேட்ஸ் போர்த்தந்திர ஆய்வு மையம் 1994-இலும், மொராக்கோவின் அரச நிறுவனம் 2007-இலும், பஹ்ரைனின் ‘திராசாத்’ 2009-இலும் வந்தன. இவற்றின் மிக முக்கியமான எழுத்துகள் அச்சுக்கு வருவதில்லை. மேலிடத்துக்கு உள்ளறிக்கைகளாகப் போகின்றன. ஆகவே அவற்றின் செல்வாக்கை வெளியிலிருந்து அளப்பது கடினம். பொதுவெளியில் அவை செய்வது பெரும்பாலும் அரசின் நிலைப்பாட்டுக்கு அறிவு மொழியில் விளக்கம் தருவதுதான்.

இரண்டாம் வகை, தனியார் பணத்தாலும் வெளிநாட்டு நிதியாலும் நடப்பவை. மூன்றாம் வகை, அரசோடு முரண்பட்டோ போரால் துரத்தப்பட்டோ வெளிநாட்டிலிருந்து இயங்குபவை. இந்த மூன்று வகைக்கும் இடையே ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்றைய ஆய்வாளர் இன்று அமைச்சர், நாளை நாடு கடந்தவர் என்பது அரபு அறிவுலகில் புதிதான வாழ்க்கைப் பாதை இல்லை.

பொருளாதாரம்: செவி கிடைத்த துறை

போர், வாரிசுரிமை, பாதுகாப்பு ஆகியவற்றில் மூடியிருந்த கதவு பொருளாதாரத்தில் சற்றுத் திறந்தது. எகிப்தியப் பொருளாதார ஆய்வு மையம் 1992-இல் தொழிலதிபர்களின் முயற்சியில் தொடங்கியது. அதிபரின் மகன் கமால் முபாரக் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். அவர் 2002-இல் ஆளுங்கட்சியின் கொள்கைச் செயலகத்துக்குத் தலைமை ஏற்றார். 2004-இல் அகமது நசீஃப் அமைச்சரவை வந்தபோது இந்த வட்டத்தின் சிந்தனை ஆட்சியின் கொள்கையாயிற்று. 2005-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நிறுவனங்களுக்கான பொது வரி விகிதத்தை 40 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. முதலீடு பெருகியது, வளர்ச்சி வேகமும் கூடியது. ஆனால் அந்த வளர்ச்சியின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்கும் நிலையில் நாடாளுமன்றமும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. 2011 ஜனவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் எழுப்பிய முழக்கங்களில் ரொட்டியும் சமூக நீதியும் இருந்தன. ஆய்வு மையம் கொள்கையை வெல்ல முடியும் என்பதற்கும், எதிர்க்குரல் இல்லாத இடத்தில் அந்த வெற்றி ஒருபக்கமாகச் சாயும் என்பதற்கும் எகிப்தின் அந்தப் பத்தாண்டு சான்று.

இதற்கு மாறாக அமைதியாக நடந்த இன்னொரு பணியை இங்கே சொல்ல வேண்டும். 1993-இல் கெய்ரோவில் தொடங்கிய பொருளாதார ஆராய்ச்சி மன்றம், எகிப்தின் அரசுப் புள்ளியியல் அமைப்போடு சேர்ந்து தொழிலாளர் சந்தைத் தொடர் ஆய்வுகளை 1998, 2006, 2012, 2018 ஆண்டுகளில் நடத்தியது. ஒரே குடும்பங்களைத் தேடிப் பின்தொடரும் இந்த ஆய்வு பின்னர் ஜோர்டானுக்கும் துனிசியாவுக்கும் விரிந்தது. படித்த இளைஞர்கள் அரசு வேலை கிடைக்காமல், எழுத்து ஒப்பந்தமோ காப்பீடோ இல்லாத வேலைகளில் ஒதுங்குவதை இந்தத் தரவுதான் மறுக்க முடியாதபடி காட்டியது. மூலத் தரவையே ஆய்வாளர்களுக்குத் திறந்து விட்டது இந்த மன்றம் செய்த பெரிய நன்மை. எந்த அமைச்சர் வந்தாலும் போனாலும் அந்தத் தரவு நிற்கிறது.

மொராக்கோவில் பாஸ்பேட் நிறுவனமான ஓசிபியின் நிதியில் 2014-இல் தொடங்கிய கொள்கை மையம், பின்னர் ‘புதிய தெற்கின் கொள்கை மையம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. நாடு 2017 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் திரும்பியது. ஆப்பிரிக்காவை நோக்கிய அரசின் திருப்பமும் அந்நிறுவனத்தின் உரச் சந்தையும் மையத்தின் ஆய்வுப் பட்டியலும் ஒரே திசையில் நடக்கின்றன. அரசு, தொழில், ஆய்வு மூன்றும் இப்படி இசைந்து நடக்கும்போது மையத்துக்குச் செல்வாக்கு கிடைக்கிறது. ‘இது தவறு’ என்று சொல்லும் வாய்ப்பு மட்டும் அங்கே சுருங்கிப் போகிறது.

இறக்குமதியான அறிவு: கத்தாரின் பள்ளிகள்

உள்நாட்டு மையம் வலுவாக இல்லாத நாடு வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கத்தாரின் பள்ளிச் சீர்திருத்தம் பெரிய பாடம். 2001-இல் கத்தார் அரசு அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தை அழைத்துத் தன் பள்ளிக் கல்வியை ஆராயச் சொன்னது. மனப்பாடம், பழைய பாடத்திட்டம், இறுகிப்போன அமைச்சகம் என்று குறைகளைப் பட்டியலிட்ட ராண்ட், சில மாற்று வழிகளை முன்வைத்தது. அரசின் நிதியில், தன்னாட்சியோடு இயங்கும் ‘சுயேச்சைப் பள்ளிகள்’ என்ற வழியை ஆட்சியாளர்கள் தேர்ந்தெடுத்தனர். 2002-இல் உச்சக் கல்வி மன்றம் அமைந்தது. 2004-இல் முதல் தொகுதிப் பள்ளிகள் திறந்தன. ராண்ட் தோஹாவிலேயே ஒரு கிளை நிறுவனத்தையும் 2003-இல் அமைத்துக்கொண்டது.

ஒரு நாட்டின் பள்ளி அமைப்பு முழுவதையும் ஒரு ஆய்வு நிறுவனத்தின் வரைபடத்தின்படி மாற்றும் வாய்ப்பு உலகில் அரிதாகவே யாருக்கும் கிடைக்கும். ஆட்சியாளரின் ஆதரவு இருந்தது, பணத்துக்குக் குறைவில்லை, எதிர்க்கும் நாடாளுமன்றமும் இல்லை. அந்த வசதிகளே பிற்பாடு பலவீனங்களாயின. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது பெற்றோர் கலங்கினர். அரபு மொழி பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்ற மனக்குறை வீடுகளில் வளர்ந்தது. ஆசிரியர்கள் பாடத்திட்டத்தையே தாங்கள் உருவாக்க வேண்டிய நிலைக்கு ஆளாகித் திணறினர். இவர்களில் யாருடைய இசைவையும் முன்கூட்டிப் பெற வழி இருக்கவில்லை என்பதால், எதிர்ப்பு வந்தபோது தாங்கிப் பிடிக்கவும் யாரும் இல்லை. 2012-இல் கத்தார் பல்கலைக்கழகத்தின் பல துறைகளில் அரபு மீண்டும் பயிற்றுமொழியானது. ராண்டின் தோஹா கிளை 2013-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் உச்சக் கல்வி மன்றமே கலைந்து, பள்ளிகள் அமைச்சகத்தின் கீழ் திரும்பின.

ராண்டின் ஆய்வு மோசமானது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது நியாயமாகாது. அது சுட்டிய குறைகளில் பல உண்மையானவை. பொது விவாதத்தில் புடம் போடப்படாத திட்டம், எவ்வளவு நல்ல மூளையிலிருந்து வந்தாலும், மேலிருந்து வந்த ஆணையாகவே மக்களைச் சென்றடைகிறது. ஆட்சியாளர் மனம் மாறினால் அதுவும் ஆணையாலேயே மறைகிறது.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

அரபு மையங்கள் செய்த பணிகளில் மிகத் துணிச்சலானது கருத்துக் கணிப்பு. தேர்தல் மக்கள் மனத்தைக் காட்டாத நாட்டில், கணிப்பு அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஜோர்டான் பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கிய போர்த்தந்திர ஆய்வு மையம் 1993 முதல் ஜனநாயகம் பற்றி மக்களிடம் தொடர்ந்து கேட்டு வந்தது. அரசை வெளிப்படையாக விமர்சித்தால் தங்களுக்குத் தண்டனை வரும் என்று பெரும்பான்மையோர் அஞ்சுவதை அந்தக் கணிப்புகள் ஆண்டுதோறும் எண்களில் காட்டின. புதிய அரசு அமைந்ததும், நூறு நாளிலும், இருநூறு நாளிலும் மக்கள் நம்பிக்கையை அளப்பது அங்கே வழக்கமானது. பிரதமர்கள் அந்த எண்களுக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய ஒரு வேலையின் சிறு பகுதியை ஒரு பல்கலைக்கழக மையம் செய்தது.

இந்த வேலைக்கு விலையும் உண்டு. ரமல்லாவில் கலீல் ஷிகாகி நடத்தும் பாலஸ்தீனக் கொள்கை, கணிப்பு ஆய்வு மையம் 2003 ஜூலையில் அகதிகளிடம் எடுத்த கணிப்பை வெளியிட முனைந்தது. திரும்பும் உரிமையைக் கிட்டத்தட்ட எல்லோரும் வலியுறுத்தினாலும், வாய்ப்புக் கொடுத்தால் இஸ்ரேலுக்குள் குடியேறுவோம் என்றவர்கள் பத்தில் ஒருவர் அளவே என்றது அது. ஆத்திரமடைந்த கூட்டம் மையத்துக்குள் புகுந்து தாக்கியது. 2006 தேர்தலில் ஹமாஸ் 132 இடங்களில் 74 இடங்களை வென்றபோது கணிப்புகள் தவறின. இந்த இரண்டு அடிகளுக்குப் பிறகும் அந்த மையம் தன் காலாண்டுக் கணிப்புகளை நிறுத்தவில்லை. இன்று பாலஸ்தீன மக்களின் மனப்போக்கைப் பேச விரும்பும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அஸ்மி பிஷாரா தலைமையில் 2010-இல் தோஹாவில் தொடங்கிய அரபு ஆய்வு மையம், 2011 முதல் பல நாடுகளில் ‘அரபுக் கருத்துக் குறியீடு’ கணிப்பை நடத்தி வருகிறது. அரபு மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்ற பழைய பேச்சுக்கு, ஜனநாயகத்தை விரும்பும் பெரும்பான்மையைக் காட்டி அது பதில் சொன்னது.

தொழிலாளர் கேள்வியும் வளைகுடாவும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் இது. வளைகுடா நாடுகளில் தொழிலாளரை முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபாலா என்னும் பொறுப்பாளர் முறை பல லட்சம் இந்தியத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. தமிழர்களும் அவர்களில் உண்டு. 2011-இல் சவூதி அரேபியா கொண்டுவந்த நிதாகாத் திட்டம் உள்நாட்டவரை வேலைக்கு எடுக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியபோது, அதன் அதிர்வு நம் ஊர்களிலும் உணரப்பட்டது. ஆனால் இந்த நாடுகளில் யார், எவ்வளவு பேர், எந்த நிபந்தனையில் வேலை செய்கிறார்கள் என்ற எளிய விவரம்கூட நெடுங்காலம் சிதறியே கிடந்தது. அதைத் திரட்டித் தந்தது ஒரு தனியார் மையம். அப்துல் அசீஸ் சாகர் 2000-இல் துபாயில் தொடங்கிய வளைகுடா ஆராய்ச்சி மையம், ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்துடன் சேர்ந்து 2013-இல் தொழிலாளர் சந்தை, குடிபெயர்வு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் சட்டங்களையும் எண்களையும் அது ஓரிடத்தில் தொகுத்து வைத்தது. அந்த மையமே தன் தலைமையகத்தைத் துபாயிலிருந்து ஜித்தாவுக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

கத்தார் 2018-இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டை நீக்கியது. 2020-இல் வேலை மாற முதலாளியின் இசைவு தேவையில்லை என்றது. இதற்குப் பின்னால் உலகக் கால்பந்துக் கோப்பையை ஒட்டி எழுந்த விமர்சனமும், சர்வதேச தொழிலாளர் அமைப்பில் பதிவான புகாரும், உலகத் தொழிற்சங்கங்களின் அழுத்தமும் இருந்தன. உள்ளூர் ஆய்வு மையங்கள் இதில் முன்னணியில் நிற்கவில்லை. பொருள் நாட்டுக்குள் பேச முடியாததாக இருக்கும்போது, அழுத்தம் வெளியிலிருந்துதான் வருகிறது.

வசந்தமும் அதற்குப் பின்னும்

‘அரபு வசந்தம்’ எனப்பட்ட 2011 எழுச்சிகள் மையங்களுக்குப் புதிய வெளியைத் திறந்தன. துனிசியாவில் அந்த ஆண்டே வந்த சங்கங்கள் பற்றிய ஆணை, அமைப்பு தொடங்குவதை எளிதாக்கியது. 2014 அரசியல் சட்டம் உருவானபோது சட்ட அறிஞர்களும் குடிமை அமைப்புகளும் ஒவ்வொரு பிரிவையும் விவாதித்தனர். அரபு உலகில் ஆய்வு, முடிவுக்கு முன்னே நின்ற அரிய காலம் அது. ஆனால் 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அதன் பிறகு வந்த அரசியல் சட்டத்தை அவரே எழுதி வெளியிட்டார்.

எகிப்தில் சூழல் முன்பே கசந்திருந்தது. இப்னு கல்தூன் மையத்தின் நிறுவனர் சாதுத்தீன் இப்ராஹிம் 2000-இல் கைதாகி ஏழாண்டுத் தண்டனை பெற்றார். உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் அவரை விடுவித்தது. பிற்காலத்தில் வந்த தொண்டு நிறுவனச் சட்டங்களும், கள ஆய்வுக்கு அரசு அனுமதி தேவை என்ற நெடுநாள் விதியும் ஆய்வாளரின் கையைக் கட்டின. 2016-இல் கெய்ரோவில் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்த இத்தாலிய மாணவர் ஜூலியோ ரெஜேனி சித்திரவதைக்குள்ளாகிச் சாலையோரம் பிணமாகக் கிடந்தார். ஈராக்கில் ஆயுதக் குழுக்களை ஆராய்ந்து அரசுக்கும் ஆலோசனை சொன்ன ஹிஷாம் அல்-ஹாஷிமி 2020 ஜூலை 6 அன்று பாக்தாத்தில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல அரபு நகரங்களில் ஆய்வாளராக இருப்பது உயிரைப் பணயம் வைக்கும் தொழில்.

அரசே சிதைந்த நாடுகளில் மையங்கள் நாட்டின் நினைவாகவும் ஆயின. சிரியக் கொள்கை ஆய்வு மையம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை போரின் சாவு எண்ணிக்கையை 4,70,000 என்று மதிப்பிட்டது. ஐ.நா. எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்த காலம் அது. ஏமனில் 2014-இல் தொடங்கிய சனா மையம், இரண்டாகப் பிளந்த மத்திய வங்கியையும் நாணயத்தையும் விடாமல் ஆராய்ந்தது. நாளை இந்த நாடுகளை மீண்டும் கட்ட வேண்டி வரும்போது கையில் இருக்கப்போகும் ஏடுகள் இவைதான்.

பணத்தின் கேள்வி

ஆய்வுக்கு நிதி தருபவர் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அரபு மையங்களில் பல, ஆட்சியாளர் பணத்தாலோ மேலை நாட்டு அறக்கட்டளைகளாலோ வாழ்கின்றன. முதலாவது நாவைக் கட்டுகிறது, இரண்டாவது ‘வெளிநாட்டு ஏஜண்ட்’ என்ற பழியைக் கொண்டுவருகிறது. அதே நேரத்தில் வளைகுடாப் பணம் வாஷிங்டனுக்கும் பாய்ந்தது. 2013-இல் புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்கு நான்காண்டுகளில் 1.48 கோடி டாலர் தரக் கத்தார் ஒப்புக்கொண்டது. மத்தியக் கிழக்கு நிறுவனத்துக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2 கோடி டாலர் உறுதியளித்தது கசிந்த மின்னஞ்சல்களில் வெளிவந்தது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாரை முற்றுகையிட்டபோது, இரு பக்கத்து மையங்களும் தத்தம் அரசின் வழக்குரைஞர்களாக மாறின. முற்றுகையால் யாருக்கு என்ன லாபம் என்று நடுநிலையாகக் கேட்க வேண்டிய நேரத்தில் அந்தக் கேள்வி எழவில்லை. 2021 ஜனவரியில் சவூதியின் அல்-உலாவில் ஆட்சியாளர்கள் சமரசமானபோதுதான் தொனி மாறியது.

முடிவுரை

இந்த அறுபது ஆண்டு அனுபவம் தெளிவான சில முடிவுகளைத் தருகிறது. பாதுகாப்பு, போர், ஆட்சி மாற்றம் போன்றவற்றில் அரபு மையங்களின் நேரடிச் செல்வாக்கு மிகக் குறைவு. பொருளாதாரம், கல்வி போன்ற துறைகளில் செல்வாக்கு உண்டு, ஆனால் அது ஆட்சியாளரின் விருப்பத்தோடு பிணைந்தது. நிலைத்த பலன் தந்தவை, ஆண்டாண்டாகத் தரவு திரட்டி எல்லோருக்கும் திறந்து வைத்தவையும், அரபு மொழியில் அரபு வாசகருக்கு எழுதியவையும்தான்.

தேவையானவை எட்டாத தொலைவில் இல்லை. ஜோர்டான் 2007-இலும், துனிசியா 2016-இலும், லெபனான் 2017-இலும், மொராக்கோ 2018-இலும் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றின. அவற்றை முழுமையாக நடைமுறைப்படுத்தினாலே ஆய்வின் தரம் உயரும். நிதிக்கு அரபு உலகின் சொந்த மரபிலேயே வழி இருக்கிறது. நூற்றாண்டுகளாக மதரசாக்களையும் மருத்துவமனைகளையும் நூலகங்களையும் தாங்கியது வக்ஃபு என்னும் அறக்கொடை முறை. அதே முறையில் மூலதனம் திரட்டி, ஆட்சியாளரும் வெளிநாட்டவரும் கை வைக்க முடியாத ஆய்வு நிதியை உருவாக்கலாம். அதற்கு மேல் வேண்டியது, ஆய்வாளர் தவறு என்று சொன்னதற்காகச் சிறைக்குப் போகமாட்டார் என்ற சட்ட உறுதி.

மொத்த மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் அரபு நாடுகள், வேலை, தண்ணீர், எண்ணெய்க்குப் பிந்தைய வருமானம் என்று பெரிய முடிவுகளை எடுக்கும் கட்டத்தில் நிற்கின்றன. அந்த முடிவுகளை எடுத்து முடித்த பிறகு நியாயப்படுத்தும் அறிவு அவர்களுக்கு நிறையவே இருக்கிறது. எடுப்பதற்கு முன்பு கேள்வி கேட்கும் அறிவுக்கு இடம் தருவதுதான் ஆட்சியாளர்கள் செய்ய வேண்டியது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் கேட்டுப் பெறுவது அறிஞர்களின் கடமை.